பெயர் வைக்காத மழை

2023 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை முடக்கிப் போட்ட புயலுக்கு மிக்ஜாம் என்று பெயர். மியான்மர் கொடுத்த பெயர் அது. பெயர் இருந்ததால் அது எங்கே நிற்கிறது, எப்போது நகரும் என்று மணிக்கொரு தரம் செய்தி வந்தது. இரண்டு வாரம் கழித்துத் தமிழகத்தின் தென்கோடியில் கொட்டிய மழைக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. குமரிக் கடல் பகுதியில் நிலைகொண்ட ஒரு மேலடுக்குச் சுழற்சி, அவ்வளவுதான். அது புயலாக ஆகவே இல்லை. ஆனால் டிசம்பர் 18ஆம் தேதி காலை எட்டரை மணிக் கணக்குப்படி, அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்திருந்தது 95 செ.மீ. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஒரே நாளில் 20 செ.மீ.யைத் தாண்டினாலே வானிலைத் துறை அதை அதிகனமழை என்கிறது. மழையளவை வைத்து அந்தத் துறை பிரிக்கும் வகைகளில் அதற்கு மேல் படி இல்லை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையே 70 செ.மீ.க்குக் குறைவுதான்.

95 செ.மீ. என்றால் ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தின் மேல் 95 கோடி லிட்டர் தண்ணீர். மேட்டுநிலத்தில் பெய்திருந்தால் ஓடிப் போயிருக்கும். பெய்ததோ மேசைப் பலகைபோல் தட்டையான கடற்கரைச் சமவெளியில், மார்கழி பிறந்த நேரத்தில், முந்தைய மழையிலேயே குளங்கள் நிறையத் தொடங்கியிருந்தபோது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏரல், ஸ்ரீவைகுண்டம் வட்டாரங்கள் மின்சாரமும் கைபேசியும் சாலையும் இன்றி நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லி அரித்துப் போனது தெரிந்து ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 800 பயணிகள் இரண்டு இரவுகள் அங்கே சிக்கினார்கள். ரயில் சிக்கியதால்தான் அந்த வட்டாரம் முழுவதும் சிக்கியிருப்பது வெளியுலகுக்கு உறைத்தது என்றுகூடச் சொல்லலாம். பயணிகளுக்குச் சோறு பொங்கிக் கொண்டுபோன பக்கத்து ஊர்க்காரர்களும் வெள்ளத்தில் நின்றவர்கள்தான்.

முன்னெச்சரிக்கை எப்போது வந்தது, யார் அதைக் காதில் வாங்கவில்லை என்று மத்திய அரசும் மாநில அரசும் நடத்திய சண்டையை இங்கே விட்டுவிடுகிறேன். அந்தச் சண்டைக்கு அப்போதே போதுமான இடம் கிடைத்துவிட்டது. அதைவிட முக்கியமான கேள்வி, தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பது.

தாமிரபரணி உடைத்துக்கொண்டு வந்துவிட்டது என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள். ஆறும் பெருக்கெடுத்தது உண்மை. ஸ்ரீவைகுண்டத்தில் வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் போனது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அதையும் இதையும் ஒப்பிட்டுப் பேசினார்கள். ஆனால் ஆற்றிலிருந்து தள்ளியிருந்த ஊர்களும் மூழ்கினவே, அது எப்படி? அதற்குக் குளங்களைப் பார்க்க வேண்டும்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை தாமிரபரணியின் ஓட்டம் சுமார் 128 கி.மீ. அதற்குள் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் கால்வாய், கால்வாயிலிருந்து குளம், அந்தக் குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளம். சரமாகக் கோத்த இந்தக் குளங்களின் கடைசிக் கண்ணி கடலோரத்தில் இருக்கும். சாதாரண ஆண்டில் இது ஓர் அற்புதம். ஒரு சொட்டைக்கூட விடாமல் கைமாற்றிக் கைமாற்றிக் கடைமடை வரை கொண்டுபோகும் ஏற்பாடு. அதிமழை ஆண்டில் இதே ஏற்பாடு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. மேல்குளத்தில் உடைப்பு எடுத்தால் அதன் மொத்தத் தண்ணீரும் ஒரே மூச்சில் கீழ்க்குளத்தின் மேல் விழும். கீழ்க்குளத்தின் கலுங்கு தன் பங்கு மறுகாலுக்காகக் கட்டப்பட்டது. பக்கத்துக் குளம் முழுவதும் வந்து இறங்கினால் அது தாங்காது. கரை போகும். அடுத்த குளமும் போகும். அன்றிரவு மாவட்டமெங்கும் நடந்தது இதுதான்.

தூத்துக்குடிக்குத் தலைமாட்டில் இருக்கும் கோரம்பள்ளம் குளம் இந்தக் கதையின் உச்சம். ஸ்ரீவைகுண்டம் வடகாலின் கடைசிப் பெரிய குளம் அது. ஒரு பக்கம் ஆற்றுக் கால்வாய்த் தண்ணீர். இன்னொரு பக்கம் மானாவாரிக் கரிசல் காட்டிலிருந்து ஓடைகள் அடித்துக்கொண்டு வரும் காட்டுத் தண்ணீர். கரிசல் மண் ஒரு கட்டம் வரை உறிஞ்சும், பிறகு வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் விழும் ஒவ்வொரு துளியும் ஓடைக்குத்தான். 24 கண் மதகு இருந்தும் கோரம்பள்ளத்தின் கரை நிற்கவில்லை. அத்திமரப்பட்டி, காலாங்கரை பக்கம் வயலும் வீடும் ஒன்றாக மூழ்கின. நகரத்துக்குள் புகுந்த நீருக்கு வெளியேற வழியே இல்லை. கிழக்கே கடல், நடுவில் உப்பளங்கள், குறுக்கே உயர்த்திப் போட்ட சாலைகள். பல தெருக்களில் வாரக்கணக்கில் மோட்டார் வைத்துத்தான் தண்ணீரை இறைத்தார்கள்.

இந்த வட்டாரத்து ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். காயல்பட்டினம், புன்னைக்காயல், பழையகாயல், கோரம்பள்ளம், பெருங்குளம், சாத்தான்குளம், பேய்க்குளம். மழைக்குப் பெயர் வைக்க மறந்த நாம் நிலத்துக்கு மறக்காமல் தண்ணீரின் பெயரை வைத்திருக்கிறோம். பள்ளம் என்று பெயர் வைத்த இடத்தில் தண்ணீர் தேங்கியது என்று வியப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

இந்த நிலமே வெள்ளம் போட்ட நிலம். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலைவிட்டு ஆறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, வாழைத் தோட்டங்களுக்கும் குளத்துக்கும் நடுவே கிடக்கிறது. கடல் பின்வாங்கியதற்குக் காரணம் ஆறு. ஒவ்வொரு வெள்ளத்திலும் மலையிலிருந்து கொண்டுவந்த வண்டலை அது முகத்துவாரத்தில் இறக்கியது. முகத்துவாரம் தூர்ந்ததும் துறைமுகம் கிழக்கே நகர்ந்தது. கொற்கைக்குப் பிறகு பழையகாயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிய காயல் இதுதான் என்று அடையாளம் காட்டியவர் கால்டுவெல். அதுவும் தூர்ந்தது. பிறகு புன்னைக்காயல், போர்த்துக்கீசியர் காலம். கடைசியில் ஆறே இல்லாத தூத்துக்குடிக்கு வணிகம் போய்ச் சேர்ந்தது. இரண்டாயிரம் ஆண்டு வணிக வரலாற்றை இங்கே எழுதியது வண்டல். அந்த வண்டலில்தான் இன்றைக்கு ஏரல், ஆத்தூர், முக்காணிப் பக்கத்து வாழையும் வெற்றிலையும் நிற்கின்றன. ஆகவே வெள்ளத்தை எதிரி என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அது தந்ததும் உண்டு. 2023இல் அது யாரிடமிருந்து எவ்வளவு எடுத்தது, அந்தக் கணக்கை யார் எழுதினார்கள் என்பதில்தான் பிரச்சினை.

அரசு நிவாரணம் அறிவித்தது. குறை சொல்வதற்கு முன் அதைச் சொல்ல வேண்டும். மிக்ஜாமை ஒட்டி உயர்த்தப்பட்ட தொகைகள் தெற்கிலும் நடைமுறைக்கு வந்தன. அதிகம் பாதித்த வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய். உயிரிழப்புக்கு 5 லட்சம். மாடு செத்தால் 37,500, ஆடு செத்தால் 4,000. நீர்ப்பாசனப் பயிர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்திருந்தால் ஹெக்டேருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கும் மரங்களுக்கும் 22,500. ஹெக்டேர் நம் ஊர்ப் பேச்சில் இல்லாத அளவு. ஏக்கருக்கு மாற்றினால் சுமார் 7,000 முதல் 9,000 ரூபாய். கன்று, உரம், முட்டு, ஆள்கூலி என்று ஓர் ஏக்கர் வாழைக்கு லட்ச ரூபாய்க்கு மேல் இறைத்த விவசாயி இந்தத் தொகையைக் கையில் வாங்கும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

தொகை குறைவு என்பதுகூட இரண்டாவது விஷயம்தான். இந்தப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் ஒரு சொந்தக்காரர் வேண்டும், சொந்தக்காரரிடம் ஒரு காகிதம் வேண்டும். தாமிரபரணிப் பாசனத்தில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். தனியார் நிலத்திலும் வாய்மொழிக் குத்தகை அதிகம். குத்தகைக்காரர் பெயரில் அடங்கல் எழுதினால் நாளைக்கு உரிமை கேட்பாரோ என்று நிலக்காரருக்குப் பயம். அடங்கலில் பெயர் இல்லாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரின் கணக்கில் அந்த வாழை அவருடையது ஆகாது. நட்டவர் ஒருவர், நிவாரணம் வாங்குபவர் இன்னொருவர். நல்ல மனசுள்ள நிலக்காரர் வாய்த்தால் பாதியாவது கைக்கு வரும். அரசின் இழப்பீடு தனிமனிதரின் மனசை நம்பி நடக்க வேண்டியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது அதே 2023இல்தான். கொடிக்கால் போட்டவர்களுக்குத் தெரியும், வெற்றிலைக்குத் தண்ணீர் எப்போதும் வேண்டும், ஆனால் நிற்கக் கூடாது. இரண்டு நாள் வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகல் ஏறிவிடும். வாழையை அடுத்த பட்டத்தில் மறுபடி நடலாம். கொடிக்காலோ அகத்தி வளர்த்து, கொடி ஏற்றி, இலை கிள்ளும் பதத்துக்கு வர நாளாகும். அதுவரை கிள்ளுகிற பெண்களுக்கும் கவுளி கட்டுகிறவர்களுக்கும் வேலை இல்லை. அழிந்த பயிருக்குக் கணக்கு உண்டு, போன வேலைநாளுக்குக் கிடையாது.

உப்பளத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிக உப்பு விளையும் பகுதி தூத்துக்குடி. வெள்ளத்தில் அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்தது. அது முதலாளியின் நட்டம், அதற்கு எடைக்கணக்கு இருக்கிறது. வெள்ளம் வடிந்த பிறகு அளத்தில் இருந்தது நன்னீரும் சேறும். மழைக்காலம் முடிந்து தை, மாசியில் பாத்தி மிதித்துத் தொடங்க வேண்டிய வேலை, சேறு வாரி, நன்னீரை வெளியேற்றி, தரையை மறுபடி இறுக்கிய பிறகுதான் தொடங்க முடியும். அந்த இடைப்பட்ட நாட்களுக்கு அளத்துக்குப் போகிறவர்களின் கூலி எந்தப் பதிவேட்டிலும் வராது. மழைக்கால மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் தரும் திட்டம் 2022 முதல் இருக்கிறது, நல்ல திட்டம்தான். ஆனால் அது வழக்கமான மழைக்கு உரியது. மழைக்காலம் முடிந்த பின்னும் முடியாத வெள்ளத்துக்கு அதில் இடமில்லை.

இத்தனை தண்ணீருக்கு நடுவில் குடிக்கத் தண்ணீர் இல்லை. தென்மாவட்டங்களின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பலவும் தாமிரபரணிப் படுகையின் உறைகிணறுகளை நம்பி இருப்பவை. வெள்ளம் நீரேற்று நிலையங்களில் புகுந்தது, குழாய்களைப் பெயர்த்தது. ஆற்றிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஒரு வீட்டுக்குள்கூட வெள்ளம் புகாத ஊர்களிலும் குழாயில் காற்றுதான் வந்தது. அவர்களை வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்கள் என்று யாரும் எழுதவில்லை. குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தக் காத்திருப்பும் இழப்புதான் என்று சொன்னால் அதிகாரிகள் சிரிக்கக்கூடும்.

மண்ணுக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் என்ன ஆனது? இங்கேயும் சொந்தக்காரர் இல்லாததால் கணக்கு இல்லை. மெதுவாக ஏறி மெதுவாக வடியும் வெள்ளம் வண்டலை விட்டுப் போகும். உடைப்பெடுத்துப் பாயும் வெள்ளம் மேல்மண்ணை வழித்துக்கொண்டு மணலை விட்டுப் போகும். கொற்கையைச் சுற்றி நிலம் வளர்ந்தது முதல் வகையால். 2023இல் உடைப்புகளை ஒட்டிய வயல்களில் மணல் மேடிட்டது இரண்டாம் வகையால். மணல் மூடிய வயலைத் திருத்துவதற்கு ஆகும் செலவு பல இடங்களில் ஒரு போகத்து வருமானத்தைவிட அதிகம். பயிர் ஒரு பட்டத்துக்கு அழிகிறது, மேல்மண் திரும்ப உருவாக ஒரு மனித ஆயுள் போதாது. நிவாரணப் பட்டியலில் பயிர் இருக்கிறது, மண் நேரடியாகத் தெரிவதில்லை.

ஆற்றுக்கு ஒருவகையில் குளியல் நடந்தது. திருநெல்வேலிக்குக் கீழே பல இடங்களில் பச்சைப் பாயாக மூடிக் கிடந்த அமலைச் செடியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஆனால் அந்த அமலைதான் பாலத்துக் கண்களிலும் மதகுகளிலும் சிக்கி நீரோட்டத்தைத் தடுத்தது. அது வளர்வது ஆற்றில் கலக்கும் கழிவுநீரைத் தின்று. கழிவுநீர் நிற்காதவரை அமலையும் நிற்காது. குளங்களிலோ சீமைக்கருவேலம். உள்வாயில் அது வேர்விட்டு மண்ணைப் பிடிக்கப் பிடிக்கக் குளத்தின் கொள்ளளவு குறைகிறது. கால்வாயில் அது நின்றால் தண்ணீர் வழிமாறுகிறது. ஸ்ரீவைகுண்டம் அணையே மணலும் செடியுமாக மேடிட்டு, தூர்வாரச் சொல்லி வழக்கு 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று.

முகத்துவாரத்தில் புன்னைக்காயல், பழையகாயல் பக்கம் அலையாத்திகள் உண்டு. வெள்ளத்தின் வேகத்தைத் தணித்து வண்டலைப் பிடித்து வைப்பவை அவை. அதற்கு அப்பால் மன்னார் வளைகுடா. ஆற்று வெள்ளம் கடலுக்குக் கொண்டுபோகும் சத்து மீன்வளத்துக்கு நல்லது. ஒரே நாளில் அளவுக்கு மீறி இறங்கும் சேறும் நன்னீரும் கடல்புல்லுக்கும் பவளத்துக்கும் கெடுதல், ஏனென்றால் இரண்டுக்கும் தெளிந்த நீர் வேண்டும், வெளிச்சம் வேண்டும். இந்த முறை சேற்றோடு ஊர்களின் குப்பையும் பிளாஸ்டிக்கும் போயின. நிலத்தடி நீருக்கு மட்டும் இந்த வெள்ளம் நன்மை என்று சொல்லலாம். கடற்கரையோரம் உப்பேறி வரும் கிணறுகளுக்கு மேலிருந்து இறங்கும் நன்னீர்தான் மருந்து.

இனி என்ன செய்வது என்ற கேள்விக்குத் தயாராக இருந்த பதில் வெள்ளநீர்க் கால்வாய். தாமிரபரணியைக் கருமேனியாறு, நம்பியாறுடன் இணைத்து, கடலுக்குப் போகும் உபரியைச் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட தேரி நிலத்துக்குக் கொண்டுபோகும் திட்டம். 2009இல் தொடங்கியது, 2025 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் மதிப்பு உண்டு, அந்தப் பகுதியின் குடிநீர்ப் பஞ்சத்துக்கு அது தேவை. ஆனால் அதன் கொள்திறன் வினாடிக்கு 3,200 கனஅடி. ஆற்றில் ஒரு லட்சம் போகும்போது அதில் நூற்றுக்கு மூன்று பங்கை அது திருப்பும். வறட்சிக்குக் கட்டிய கால்வாயை வெள்ளத்துக்குப் பதிலாகக் காட்டுவது ஏமாற்று. 2023இல் உடைந்தது ஆறு அல்ல, குளங்களின் சரம். அங்கேதான் வேலை இருக்கிறது. எந்தக் குளம் உடைந்தால் எந்தக் குளத்துக்கு ஆபத்து, எந்தக் கலுங்கை எவ்வளவு அகலப்படுத்த வேண்டும், எந்த ஓடையின் மேல் வீட்டுமனை போட்டிருக்கிறார்கள் என்று குளம் குளமாகப் பார்க்கும் சலிப்பூட்டும் வேலை. அடிக்கல் நாட்ட முடியாத வேலை என்பதால் அதற்கு ஆளில்லை.

முன்பு அதற்கு ஆள் இருந்தார். நீர்க்கட்டி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஒரு பெயர். எந்த மடையை எப்போது திறப்பது, கரையில் எலிவளை எங்கே, நண்டுவளை எங்கே என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. இதைச் சொல்லி அந்தக் காலத்தைப் புகழ எனக்கு விருப்பமில்லை. மழையில் கரையில் நின்றவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுக்குக் கிடைத்தது களத்தில் ஒரு பங்கு நெல். அந்த ஏற்பாடு போனதில் துக்கம் இல்லை. அதன் இடத்தில் சம்பளமும் பொறுப்பும் உள்ள ஒருவரை ஒவ்வொரு குளத்துக்கும் வைக்காமல் விட்டதுதான் தவறு.

கடல் சூடாகச் சூடாகக் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்றில் தங்கும் ஈரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும் என்பது இயற்பியல் கணக்கு. பெயர் வைக்கும் அளவுக்கு வளராத சுழற்சியும் இப்படிக் கொட்டிவிட்டுப் போகலாம் என்று காயல்பட்டினம் காட்டிவிட்டது. புயல் எச்சரிக்கைக்கூண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது தெரியாது.

அன்றைய வெள்ளத்தில் ஊர்களுக்குள் முதலில் நுழைந்த படகுகளில் பல, கடற்கரை ஊர்களிலிருந்து லாரியில் ஏற்றி வரப்பட்ட மீனவர்களின் படகுகள். எந்தத் தெருவில் எவ்வளவு ஆழம் என்று அவர்களுக்கு யாரும் வரைபடம் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு வரைபடமே இல்லை.

திருநெல்வேலி குறுக்குத்துறையில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது முருகன் கோயில். வெள்ளம் வந்தால் கோயிலை எவ்வளவு மூழ்கடித்தது என்பதை வைத்துத்தான் அந்த ஊர்க்காரர்கள் ஆற்றை அளப்பார்கள். எல்லா ஊருக்கும் அப்படி ஓர் அளவுகோல் வாய்ப்பதில்லை. ஏரலிலோ ஆத்தூரிலோ அத்திமரப்பட்டியிலோ இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ கோயில் மதிலிலோ பள்ளிவாசல் சுவரிலோ அந்த டிசம்பர் வெள்ளத்தின் கறை இன்னும் இருக்கலாம். அடுத்த தடவை வெள்ளையடிப்பதற்கு முன்னால் அந்த உயரத்தில் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் 18.12.2023 என்று எழுதி வையுங்கள்.